சில்லின் விலை: போக்கர் போட்டியைக் கற்றுக்கொண்டவர்களின் வரலாறு

போக்கர் என்னும் சீட்டாட்டம் இன்று இரண்டு வடிவங்களில் ஆடப்படுகிறது. பண ஆட்டம் எனப்படும் பழைய வடிவத்தில், மேசைமேல் உள்ள ஒவ்வொரு சில்லும், அதாவது சூதாட்டக் கூடத்தில் பணத்துக்கு ஈடாகத் தரப்படும் வட்ட வில்லை ஒவ்வொன்றும், தன்மேல் பொறித்த தொகைக்குச் சமமானது. ஆடுபவர் விரும்பிய நேரத்தில் எழுந்து சில்லுகளைப் பணமாக மாற்றிக்கொண்டு போகலாம், தோற்றால் மீண்டும் பணம் கட்டி உட்காரலாம். போட்டி ஆட்டத்தின் அடிப்படை வடிவத்தில் இந்த வசதிகள் இல்லை. எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்தி, ஒரே அளவு சில்லுகளுடன் தொடங்கி, சில்லு தீர்ந்தவர் ஒவ்வொருவராக வெளியேற, கடைசியில் அனைத்தும் ஒருவர் முன் குவியும்வரை ஆடவேண்டும். கட்டணங்களால் திரளும் பரிசுத்தொகை, யார் எவ்வளவு பிந்தி வெளியேறினார் என்ற வரிசைப்படி பங்கிடப்படுகிறது. ஆட்டம் முடிவின்றி இழுபடாதிருக்க, பிளைண்ட் எனப்படும் முன்பந்தயம், அதாவது சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடவேண்டிய தொகை, குறித்த இடைவெளிகளில் உயர்ந்துகொண்டே போகும்.

இந்த இரண்டாம் வடிவத்துக்கு இன்னும் அறுபது வயது ஆகவில்லை. அதை நிறுவியவர்கள் தொழில்முறைச் சூதாட்டக்காரர்கள். ஆனால் அதற்கெனத் தனியான ஓர் அறிவு தேவைப்படுகிறது என்பதைக் கண்டு, அதைக் கணக்கிட்டு, எழுதிவைத்து வளர்த்தவர்களில் பலர் கணக்காளர், புள்ளியியலாளர், வழக்கறிஞர், கணித ஆசிரியர், பத்திரிகையாளர் என்று வேறு தொழில்களிலிருந்து வந்தவர்கள். ஓய்வுநேர ஆட்டக்காரர் ஒருவர் தம் போட்டித் திறனை மேம்படுத்திக்கொள்ள இன்று படிக்கும் பாடங்கள் எல்லாம் அவர்கள் விட்டுச்சென்றவையே. அப்பாடங்கள் ஒவ்வொன்றும் பரவலாகத் தெரிந்ததும் தன் பயனில் பாதியை இழந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

போக்கர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும் பரவியது. இன்றைய போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் அதன் பிற்கால வகைகளுள் ஒன்று. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மூன்று, ஒன்று, ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் மேசை நடுவில் திறந்து வைக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். இடையில் நான்கு சுற்றுகள் பந்தயம் நடப்பதால், நல்ல சீட்டு இல்லாதவரும் பெரும் பந்தயம் வைத்து மற்றவர்களைச் சீட்டைக் கவிழ்த்து விலகச் செய்ய முடியும். மங்காத்தாவில் சீட்டு விழும் பக்கம் மட்டுமே முடிவைத் தருவதால் கற்பதற்கு ஒன்றுமில்லை. போக்கரில் எதிராளியின் முடிவும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவதால் கற்பதற்கு இடம் பிறக்கிறது. இந்த வகை டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் தோன்றியதாக அம்மாநிலச் சட்டமன்றம் 2007-இல் அங்கீகரித்தது. 1963-இல் ஃபெல்டன் மெக்கார்க்கடேல் என்பவர் அதை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னும் பின்னும் அதை நன்கு அறிந்திருந்தவர்கள் டெக்சாஸின் ஊர்சுற்றிச் சூதாட்டக்காரர்கள். நகரம் நகரமாகக் காரில் சென்று, சட்டத்துக்குப் புறம்பான அறைகளில் ஆடி, காவலரிடமும் கொள்ளையரிடமும் தப்பிப் பிழைத்த அவர்கள், தங்கள் தொழிலின் நுணுக்கங்களை யாருக்கும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் பிழைப்புக்கு ஆபத்து.

அவர்களுள் சிலரை ஒரே இடத்தில் கூட்டி ஆடவைத்தால் அது கூடத்துக்கு நல்ல விளம்பரமாகும் என்பதை 1969-இல் ரீனோ நகரில் நடந்த சூதாட்டக்காரர் கூடல் ஒன்று காட்டியது. அதைப் பின்பற்றி லாஸ் வேகாஸில் ஹார்ஸ்ஷூ கூடத்தை நடத்திவந்த பென்னி பினியன் 1970-இல் உலகப் போக்கர் தொடரைத் தொடங்கினார். வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் என்று இன்றும் அழைக்கப்படும் அத்தொடரின் முதலாண்டில் போட்டி வடிவம் கிடையாது. பல வகைப் பண ஆட்டங்கள் ஆடியபின் ஆட்டக்காரர்களே வாக்களித்து ஜானி மாஸைச் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தனர். வாக்கெடுப்பால் முடியும் ஆட்டத்தைப் பார்க்கப் பத்திரிகைகளுக்கு என்ன ஆர்வம் இருந்திருக்க முடியும்? 1971-இல் 5,000 டாலர் கட்டணத்தில், கடைசி ஒருவர் மிஞ்சும்வரை ஆடும் முறை வந்தது. அதிலும் மாஸே வென்றார். 1972-இல் கட்டணம் 10,000 டாலரானது. தொடரின் முதன்மைப் போட்டியான இதன் கட்டணம் இன்றும் அதேதான். அந்தத் தொடக்கப் போட்டிகளில் பத்துப் பேர்கூடச் சேரவில்லை. சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பல்லாண்டுகளாக அறிந்தவர்கள்.

அக்காலத்தில் முதலிடம் பெற்றவரே முழுப் பரிசையும் எடுத்துக்கொண்டார். இந்த விவரம் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகப்படுகிறது. ஆனால் போட்டிக் கலையின் வரலாறு இங்குதான் தொடங்குகிறது என்று கொள்வதற்குக் காரணம் உண்டு. முழுப் பரிசும் ஒருவருக்கே என்றால், மொத்தச் சில்லுகளில் பாதியை வைத்திருப்பவருக்கு, திறமை சமமென்று கொண்டால், பரிசில் பாதிக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிடலாம். சில்லின் விலை மாறாது. எனவே பண ஆட்டத்தில் கற்றதை அப்படியே கொண்டுவந்து ஆடலாம். 1978-இல் பரிசு முன்னிலை பெற்ற பலருக்கும் பங்கிடப்பட்டது. அன்றிலிருந்து, எல்லாச் சில்லுகளையும் வென்றவருக்கும் பரிசின் ஒரு பகுதிதான் கிடைக்கும். சில்லே மிஞ்சாமல் வெளியேறியவருக்கும் ஏதோ கிடைக்கும். இழக்கும் சில்லின் விலையும் சேர்க்கும் சில்லின் விலையும் வெவ்வேறாகிவிட்டன. இந்த மாற்றத்தின் முழுப் பொருளை அன்று உணர்ந்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

அதே 1978-இல், 1976, 1977 ஆகிய இரண்டாண்டுகளும் முதன்மைப் போட்டியை வென்றிருந்த டாயில் பிரன்சன், போக்கரில் பத்து லட்சம் டாலருக்குமேல் ஈட்டிய விதத்தைச் சொல்வதாகத் தலைப்பிட்ட பெருநூல் ஒன்றைத் தாமே பதிப்பித்தார். பிற்பாடு சூப்பர் சிஸ்டம் என்ற பெயரில் புகழ்பெற்ற அந்த நூலுக்கு அன்றைய விலை 100 டாலர். மைக் காரோ, சிப் ரீஸ், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, பாபி பால்ட்வின் முதலியோர் தத்தமக்குக் கைவந்த ஆட்ட வகைகளைப் பற்றி அதில் எழுதினர். பந்தயத்துக்கு வரம்பில்லாத ஹோல்டத்தைப் பற்றிப் பிரன்சன் எழுதிய பகுதி, விடாமல் தாக்குவதே வெற்றி தரும் என்ற கருத்தை முதன்முறையாக விரித்துரைத்தது: எதிராளி தன் சில்லுகள் அனைத்தையும் பணயம் வைக்க வேண்டிய இக்கட்டில் அவரை எப்போதும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரகசியங்களை வெளியிட்டதால் தமக்கே இழப்பு நேர்ந்தது என்று அவர் பின்னாளில் கூறியதுண்டு. ஆனால் அந்நூல் பெரிதும் பண ஆட்டக்காரரின் நூல். சில்லுக்கும் பணத்துக்கும் இருந்த சமன்பாடு போட்டியில் முறிந்த ஆண்டிலேயே, அச்சமன்பாட்டை அடித்தளமாகக் கொண்ட தலைசிறந்த நூல் அச்சேறியது.

மறு ஆண்டு, 1979-இல், 54 பேர் கலந்துகொண்ட போட்டியில் ஹால் ஃபவுலர் என்ற கலிஃபோர்னியக்காரர் வென்றார். அத்தொடரின் முதல் தொழில்சாரா வெற்றியாளராக அவர் குறிப்பிடப்படுகிறார். அதிர்ஷ்டத்தின் உதவி அவருக்கு மிகுதியாக இருந்ததாக உடன் ஆடியவர்கள் கருதினர். அக்கருத்து உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓய்வுநேர ஆட்டக்காரர் ஒருவர் ஐந்து நாட்களில் உலக வெற்றியாளராக முடியும் என்பதே இந்த வடிவத்தின் கவர்ச்சி என்பதால், அந்த வெற்றி கூடத்துக்கு எந்த விளம்பரத்தாலும் கிடைக்காத பயனைத் தந்தது.

இருந்தும் 10,000 டாலர் என்பது சம்பளக்காரர் எட்டக்கூடிய தொகை அன்று. இத்தடையை நீக்கியது சாட்டிலைட் எனப்படும் துணைப்போட்டி. போட்டியின் இயக்குநராயிருந்த எரிக் டிராஷ், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் அளவில் போட்டு ஆடி, வென்றவர் முதன்மைப் போட்டிக்கான இடத்தைப் பெறலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவராக அறியப்படுகிறார். 1983-இல், 108 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில், துணைப்போட்டி வழியாக நுழைந்த டாம் மெக்கெவாய் வென்றார். இரண்டாம் இடம் பெற்ற ராட் பீட்டும் அவ்வழியே வந்தவர். மெக்கெவாய் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் கணக்காளராக இருந்து, பின்னர் குடும்பத்துடன் லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தவர். ஊர்சுற்றிகளின் வீர சாகசங்கள் அவர் வாழ்க்கையில் இல்லை. அவர் பெயரால் வந்த நூல்களே போட்டியைத் தனியொரு பாடமாகக் கருதிய முதல் நூல்களுள் அடங்கும்.

இதே ஆண்டுகளில், லாஸ் வேகாஸிலிருந்து நெடுந்தொலைவில், நியூயார்க் நகரின் மேஃபேர் சங்கத்தில் வேறொரு கல்விமரபு உருவானது. பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்துக்கும், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமனுக்கும் பெயர்பெற்றிருந்த அச்சங்கத்தில், 1980-களில் போக்கர் இடம்பிடித்தது. அங்கு ஆடியவர்களுள் வழக்கறிஞராக இருந்த டான் ஹாரிங்டன், பங்குச்சந்தையில் பணியாற்றிய எரிக் சைடல், ஹவார்ட் லெடரர் ஆகியோர் பின்னர் உலகப் புகழ்பெற்றனர். பேக்கமனில் எந்த நிலையில் எந்த நகர்வு சரி என்பதைப் பகடையின் விளைவோடு குழப்பிக்கொள்ளாமல் ஆட்டம் முடிந்தபின் அலசிப் பார்ப்பது வழக்கம். சரியான நகர்வு தோற்கலாம், தவறான நகர்வு வெல்லலாம் என்பது அவ்விளையாட்டில் அரிச்சுவடி. அந்தப் பழக்கத்தை அவர்கள் போக்கருக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆட்டத்தில் வென்றோமா தோற்றோமா என்பதை விட்டுவிட்டு, முடிவெடுத்த நேரத்தில் தெரிந்திருந்த செய்திகளை வைத்து அம்முடிவு சரியா என்று நண்பர்களுடன் விவாதிப்பதே கற்றல் என்ற எண்ணம், டெக்சாஸ் மரபில் வெளிப்படையாக இருந்ததில்லை. 1988-இல் சைடல் தம் முதல் முதன்மைப் போட்டியிலேயே ஜானி சானிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். 1995-இல் ஹாரிங்டன் வெற்றியாளரானார். இன்று ஓய்வுநேர ஆட்டக்காரர்கள் நாலைந்து பேராகக் குழு சேர்ந்து, ஆடிய கைகளை, அதாவது ஒருமுறை சீட்டுப் பங்கிட்டு ஆடிய ஆட்டங்களை, குறித்துவைத்து அலசுவதன் வேர் இங்கே இருக்கிறது.

சில்லின் விலை மாறுகிறது என்பதற்குக் கணக்கு வடிவம் கிடைத்தது 1987-இல். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் புள்ளியியலாளராகப் பணிபுரிந்திருந்த மேசன் மால்முத், அவ்வாண்டு வெளியிட்ட நூலில், ஒருவரிடம் உள்ள சில்லுகளைக் கொண்டு அவர் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் பெறுவதற்கான வாய்ப்புகளைக் கணித்து, அவற்றைப் பரிசுகளால் பெருக்கி, சில்லுகளின் பண மதிப்பை அறியும் முறையைத் தந்தார். டேவிட் ஹார்வில் என்பவர் 1973-இல் குதிரைப் பந்தய முடிவுகளுக்காக வகுத்திருந்த சூத்திரமும் இதுவே. ஐ.சி.எம். என்று ஆட்டக்காரர்கள் சுருக்கி அழைக்கும் இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூவர் எஞ்சியிருக்கிறார்கள்; அவர்களிடம் முறையே 5,000, 3,000, 2,000 சில்லுகள் உள்ளன; பரிசுகள் 50, 30, 20 டாலர். பாதிச் சில்லுகளை வைத்திருக்கும் முதலாமவருக்குப் பாதிப் பணமாகிய 50 டாலர் மதிப்பு வராது. கணக்குப்படி 38 டாலர் 39 சென்ட்தான் வரும். ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வைத்திருக்கும் மூன்றாமவரின் மதிப்போ 28 டாலர் 86 சென்ட். ஆகவே, பெருஞ்சில்லு வைத்திருப்பவர் தம் மேசையில் சம வாய்ப்புள்ள ஒரு மோதலை ஏற்றால் சராசரியில் இழக்கிறார். சிறுசில்லு வைத்திருப்பவர் மற்ற இருவர் மோதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலே ஈட்டுகிறார். நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவிழ்த்துவிடுவது சில சமயம் சரியான ஆட்டம் என்பது பண ஆட்டக்காரருக்குக் கோழைத்தனமாகத் தோன்றியிருக்கும். இந்தக் கணக்கு அதை நியாயப்படுத்தியது.

ஸ்க்லான்ஸ்கி 2002-இல் எழுதிய போட்டிப் போக்கர் நூல் இதே கருத்தை வேறு முனையிலிருந்து அணுகியது. முதலில் பந்தயத்தை உயர்த்துபவருக்குப் போதுமான சீட்டு, அவ்வாறு உயர்த்தியவரை எதிர்த்து நிற்பவருக்குப் போதாது. இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. போட்டியில், வெளியேறிவிடுவோம் என்ற அச்சம் எல்லோருக்கும் இருப்பதால், அது இன்னும் அகலமாகிறது என்று அவர் எழுதினார். முன்சென்று தாக்குவது மலிவானது, எதிர்த்து நிற்பது விலையுயர்ந்தது என்ற இந்த ஒரு பாடத்தை உள்வாங்கியவரே அக்காலத்துச் சிறு போட்டிகளில் பெரும்பான்மையோரைவிட முன்னே நின்றார்.

நூலைப் படித்துவிட்டு மேசையில் அமரலாம் என்பதற்கு ஜேம்ஸ் மெக்மேனஸ் சான்றானார். ஹார்ப்பர்ஸ் இதழுக்காக 2000-ஆம் ஆண்டுத் தொடரைப் பற்றி எழுத அனுப்பப்பட்ட அந்த எழுத்தாளர், இதழ் தந்த முன்பணத்தைக் கொண்டு துணைப்போட்டி ஆடி, முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 512 பேரில் ஐந்தாம் இடம் பெற்றார். டி. ஜே. கிளவுட்டியர் மெக்கெவாயுடன் சேர்ந்து எழுதிய நூலை ஊன்றிப் படித்துவிட்டு வந்தவர், இறுதி மேசையில் அதே கிளவுட்டியரை எதிர்கொண்டார். அந்த ஆண்டின் வெற்றியாளர் கிறிஸ் ஃபெர்குசன் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பந்தய வாய்ப்புகளைக் கணினியில் கணக்கிட்டுக் கற்றவர். இரண்டாம் இடம் பெற்ற கிளவுட்டியர் டெக்சாஸின் பழைய மரபைச் சேர்ந்தவர். இரு மரபுகள் நேருக்குநேர் அமர்ந்த மேசையாக அதைக் கொள்ளலாம்.

நூல்கள் வந்தபின்னும் கற்றல் மெதுவாகவே நடந்தது. அதற்குக் காரணம் ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. கையில் இரு ஏஸ் சீட்டுகளை வைத்திருப்பவர் இரு ராஜாக்களை வைத்திருப்பவரோடு எல்லாச் சில்லுகளையும் வைத்து மோதினால், நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை வெல்வார். இதைவிடச் சாதகமான நிலை அரிது. ஆயினும் இத்தகைய மோதல் ஐந்து முறை நேர்ந்தால், ஐந்திலும் பிழைத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 37 மட்டுமே. ஆகவே ஒரு போட்டியில் தோற்றதிலிருந்தோ வென்றதிலிருந்தோ, தாம் நன்றாக ஆடினோமா என்பதை எவரும் அறிய முடியாது. பெரிய போட்டிகளில் கலந்துகொள்வோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே பரிசு கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி கடைசிச் சிலருக்கே போகிறது. சூதாட்டக் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது கைகள் ஆடினாலே அதிகம் என்பதால், வார இறுதியில் மட்டும் ஆடும் ஒருவர் நம்பத்தக்க முடிவுக்கு வர ஆயுள் போதாது. இந்த வரலாற்றில் பெயர் பதிந்தவர்கள் எல்லோரும் வென்றவர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். அதே நூல்களைப் படித்து, அதே அளவு உழைத்து, சேமிப்பைத் தொலைத்தவர்களுக்கு நினைவுக்குறிப்பு எழுதும் வாய்ப்பு வரவில்லை.

இத்தடையைத் தகர்த்தது இணையம். உண்மைப் பணத்துக்கு ஆடும் முதல் இணையக் கூடம் 1998-இல் திறக்கப்பட்டது. 2001-இல் போக்கர்ஸ்டார்ஸ் முதலியவை வந்தன. அங்கே ஒரு மணி நேரத்தில் இருமடங்குக்கு மேல் கைகளை ஆடலாம், பல மேசைகளில் ஒரே நேரத்தில் அமரலாம், சில டாலர்களுக்கே போட்டியில் சேரலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடிய கைகள் அனைத்தும் எழுத்தாகப் பதிவாகும். கூடவே, ஆட்டக்காரர்களின் மறைசீட்டுகளைக் காட்டும் மேசைக் கேமராவும் தொலைக்காட்சிக்கு வந்தது. பிரிட்டனில் 1999-இல் லேட் நைட் போக்கர் நிகழ்ச்சியும், அமெரிக்காவில் 2003-இல் வேர்ல்ட் போக்கர் டூர் நிகழ்ச்சியும் அதைக் கொண்டு ஒளிபரப்பாயின. அதுவரை, தோற்றவர் கவிழ்த்த சீட்டு என்னவென்று எவருக்கும் தெரியாது; இப்போது வீட்டில் அமர்ந்திருப்பவர், தொழில்முறையாளர் எந்தச் சீட்டோடு பொய்ப்பந்தயம் வைக்கிறார், எதைக் கவிழ்க்கிறார் என்பதை நேரடியாகப் பார்த்துக் கற்கலாம் என்றானது. அதே 2003-இல், 86 டாலர் இணையத் துணைப்போட்டியில் தொடங்கி இடம்பெற்ற டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அதற்கு முன் அவர் நேரில் எந்தப் போட்டியும் ஆடியதில்லை. அடுத்த ஆண்டு கலந்துகொண்டோர் 2,576 பேர். 2006-இல் 8,773 பேர்.

அந்தப் பெருங்கூட்டத்துக்குப் பாடநூலாக அமைந்தவை ஹாரிங்டன், பேக்கமன் வல்லுநர் பில் ராபர்ட்டியுடன் சேர்ந்து 2004 முதல் எழுதிய மூன்று தொகுதிகள். மணிமேக்கர் வென்ற போட்டியில் மூன்றாம் இடமும், அடுத்த ஆண்டின் பெருங்கூட்டத்தில் நான்காம் இடமும் பெற்றிருந்த ஹாரிங்டனின் சொல்லுக்கு எடை இருந்தது. அத்தொகுதிகளின் மையம் எம் என்ற ஒரே எண். கணித ஆசிரியராக இருந்து பேக்கமனுக்கு வந்த பால் மக்ரியலின் பெயரிலிருந்து எடுத்த எழுத்து அது. தன் சில்லுகளை, ஒரு சுற்றுக்குக் கட்டாயமாகப் போடவேண்டிய முன்பந்தயங்களின் மொத்தத்தால் வகுத்தால் எம் கிடைக்கும். பிளைண்டுகள் 100, 200 என்றும், ஒன்பது பேரும் தலைக்கு 25 சில்லு போடவேண்டும் என்றும் கொண்டால், சுற்றுக்கு 525 ஆகும். 5,250 சில்லுகள் வைத்திருப்பவரின் எம் 10. சும்மா இருந்தாலும் பத்துச் சுற்றுகளில் அவர் தீர்ந்துபோவார் என்பது பொருள். எம் இருபதுக்கு மேல் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, ஐந்துக்குக் கீழே சிவப்பு என்று வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் ஆட்டம் எவ்வாறு மாறவேண்டும் என்று ஹாரிங்டன் விளக்கினார். ஓய்வுநேர ஆட்டக்காரர் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து கரைந்துபோவதே வழக்கமான தோல்வி என்பதால், காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை எண்ணால் காட்டிய இந்த முறை, அவர் காலத்தின் மிகப் பயனுள்ள பாடம் என்று சொன்னால் மிகையாகாது.

அதன்பின் வந்தவை வேகமாக வந்தன. சிறு சில்லுகள் மட்டும் உள்ளபோது எந்தச் சீட்டுகளுடன் அனைத்தையும் முன்வைக்கலாம், எவற்றைக் கவிழ்க்கவேண்டும் என்ற அட்டவணைகளை பில் சென், ஜெரட் ஆங்கன்மன் ஆகியோர் 2006-இல் கணித நிறுவல்களோடு வெளியிட்டனர். ஐ.சி.எம். கணக்கைச் செய்துதரும் மென்பொருள்கள் சில பத்து டாலர்களுக்குக் கிடைத்தன. 1989-இல் 24 வயதில் ஃபில் ஹெல்முத் நிறுவிய இளம் வெற்றியாளர் சாதனை, 2008-இல் 22 வயது டென்மார்க்காரர் பீட்டர் ஈஸ்ட்கேட்டாலும், 2009-இல் 21 வயது ஜோ காடாவாலும் முறியடிக்கப்பட்டது. நூலை மட்டும் படித்தவர்கள் பின்தங்கினார்கள். ஏனெனில் ஹாரிங்டனின் வண்ணங்களை மேசையில் உள்ள அனைவரும் அறிந்தபின், ஆரஞ்சில் இருப்பவர் என்ன செய்வார் என்பதை எதிராளி முன்கூட்டியே அறிந்து அதற்கு மறுநகர்வு வைக்கத் தொடங்கினார். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய இணையக் கூடங்களின் மேல் நடவடிக்கை எடுத்து அவற்றை அந்நாட்டில் முடக்கியது இந்த வேகத்தைச் சிறிது தணித்ததே தவிர நிறுத்தவில்லை.

இறுதிப் படி இயந்திரங்களுடையது. பொய்ப்பந்தயம் என்பது துணிச்சலின் பிரச்சினை அன்று, கணக்கின் விளைவு என்று ஜான் ஃபான் நாய்மன் 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதிய நூலிலேயே காட்டியிருந்தார். அக்கணக்கை முழு ஆட்டத்துக்கும் செய்துபார்க்க எழுபது ஆண்டுகள் ஆயின. 2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், இருவர் மட்டும் ஆடும், பந்தய வரம்புள்ள ஹோல்டத்துக்கு ஏறத்தாழ முழுமையான தீர்வு கண்டனர். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் 1,20,000 கைகள் ஆடி நான்கு வல்லுநர்களை வென்றது. 2019-இல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையில் வென்றது. இதே காலத்தில், எந்த நிலையிலும் சமநிலை ஆட்டத்தை, அதாவது எவரும் தம் ஆட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்வதால் ஆதாயம் பெறமுடியாத ஆட்டத்தை, கணக்கிட்டுத் தரும் சால்வர் என்னும் மென்பொருள்கள் வீட்டுக் கணினிகளுக்கே வந்துவிட்டன. ஆனால் லிப்ராட்டஸும் புளூரிபஸும் வென்றது சில்லின் விலை மாறாத ஆட்டத்தில். பரிசு பலருக்குப் பங்கிடப்படும் போட்டியில், ஒருவரின் தவறு எதிராளியைவிட மேசையில் சும்மா அமர்ந்திருக்கும் மூன்றாமவருக்கு அதிகப் பயன் தரலாம்; எல்லோரும் சமநிலைப்படி ஆடுவார்கள் என்ற அனுமானம் பொய்த்தால், சமநிலைப்படி ஆடியவருக்கும் இழப்பு நேரலாம். ஆகவே மற்றவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று கவனிக்கும் பழைய திறமைக்கு, போட்டி ஆட்டத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

நியூயார்க்கர் இதழில் எழுதிவந்த உளவியல் முனைவர் மரியா கொன்னிக்கோவாவின் கற்றல் இதற்குப் பொருத்தமான சான்று. ஒரு கட்டில் எத்தனை சீட்டுகள் என்பதுகூடத் தெரியாமல் எரிக் சைடலிடம் மாணவியாகச் சேர்ந்த அவர், 2018 ஜனவரியில் பஹாமாஸ் தீவுகளில் நடந்த போட்டியொன்றில் 84,600 டாலர் வென்றார். 2020-இல் வெளியான அவருடைய நூலின்படி, சைடல் அவருக்குக் கற்பித்தவற்றில் பெரும்பகுதி, முடிவை விளைவிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கமே. அதாவது மேஃபேர் சங்கத்தின் பழைய பாடம். ஆயினும் சைடலைப் போன்ற ஆசிரியரும், கற்பதற்கென்றே ஒதுக்கிய ஆண்டுகளும் வாய்த்தவரை ஓய்வுநேர ஆட்டக்காரரின் பொது மாதிரியாகக் கொள்வது சரியாகாது.

மென்பொருளும் ஆசிரியரும் தரும் இத்தகைய உதவியில் எவ்வளவை மேசைக்குக் கொண்டுவரலாம் என்ற கேள்வி இப்போது முன்னே நிற்கிறது. 10,112 பேர் கலந்துகொண்ட 2024-ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியின் இறுதிக் கட்டத்தில், வெற்றியாளரின் நண்பர்கள் அரங்கின் ஓரத்தில் மடிக்கணினியைப் பார்த்து அவருக்கு ஆலோசனை கூறியது பெரும் சர்ச்சையானது.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு வேறொரு கேள்வியோடு இணைகிறது. கற்றுத் தேறக்கூடிய ஆட்டம் திறமை ஆட்டமா, சூதா என்பதே அது. ரம்மியைத் திறமை ஆட்டமாக உச்ச நீதிமன்றம் 1967-இல் ஏற்றிருந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 9 அன்று, சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்திவிட்டு, அந்தப் பட்டியலை மட்டும் அவ்விரு ஆட்டங்களைப் பொறுத்தவரை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோரின் துயரங்களைச் சுட்டி அரசு முன்வைத்த வாதமும், அறிவாலும் பயிற்சியாலும் தேறலாம் என்று நிறுவனங்கள் முன்வைத்த வாதமும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல; திறமை ஆட்டத்திலும், நீண்டகாலத்தில் திறமை குறைந்தவர் தோற்றுக்கொண்டேதான் இருப்பார். 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அந்த வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, திறமையாயினும் வாய்ப்பாயினும் பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைசெய்தது. அச்சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.